ராத்திரி பஸ்ஸில் ஊர் பார்த்த கதை

இனிமேல் விமானத்தில் கால் வைப்பதில்லை என்று நான் முடிவெடுத்தபோது தரையிலிருந்து முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் இருந்தேன். முடிவை உடனே அமல்படுத்த வழியில்லை.

மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். மகன் அதற்குப் பக்கத்து நாட்டில். நான் ஓய்வு பெற்ற கையோடு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவியும் நானும் கிளம்பினோம். மகள் ஊருக்கு நான்கு மணி நேரப் பயணம். அதிலேயே நான் கிட்டத்தட்ட காலமாகிவிட்டேன். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்ள முடியாது. முப்பத்திரண்டு வருஷம் நில அளவையராக இருந்தவன். நான் ஏறாத மலையில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உச்சிக்கு உதவியாளரை அனுப்பிவிட்டு அடிவாரத்தில் கருவிக்குப் பின்னால் நின்றவன் நான் என்பது இலாகாவுக்கு மட்டும்தான் தெரியும். நிலத்தில் அளந்ததைவிட வீட்டில் அளந்தது அதிகம்.

என் மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சர். தினமும் நாற்பது பொய்களைக் கேட்டுப் பழகியவள். நாற்பத்தோராவது பொய்யை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் வீட்டில் இரண்டு வாரம் ஆனது. ஒருநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் மகள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"தம்பி ஊருக்கு ப்ளேன்ல ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்தாம்ப்பா. புக் பண்ணிடவா?"

என் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது.

"பஸ் இல்லையா?"

"இருக்கு. ஆனா ராத்திரி பூரா போகணும். பதினோரு மணி நேரம்."

"அருமை" என்றேன்.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "எது அருமை?"

"வெளிநாடு வந்தா ஊர் பாக்கணும். மேகத்தப் பாக்கறதுக்கு நம்ம மொட்டைமாடி போதாதா?"

"ராத்திரில ஊர் எப்படிங்க தெரியும்?"

"லைட் போட்டிருப்பாங்க."

அவள் கொஞ்ச நேரம் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. பிறகு பெருமூச்சு விட்டாள்.

"என்னால முடியாதுங்க. முழங்கால் வலி. உங்களுக்காக வேணா வரேன். ஆனா ஜன்னல் சீட்டு எனக்கு."

"எடுத்துக்க."

"பெட்டி ரெண்டையும் நீங்கதான் தூக்கணும்."

"தூக்கறேன்."

"ஏன் இப்படிக் கஷ்டப்பட்டு வந்தீங்கன்னு பையன் கேட்டா, உங்கப்பாவோட பிடிவாதம்னு சொல்வேன். நீங்க ஆமான்னு தலையாட்டணும்."

அதற்கும் அங்கேயே ஆட்டிக் காட்டினேன். இவ்வளவு சுலபமாக ஒரு பேச்சில் நான் ஜெயித்ததே இல்லை. அன்றைக்கு மதியம் நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம் நான் தூங்குவதற்கு முப்பது மணி நேரம் ஆகும் என்று அப்போது தெரியாது.

அன்று ராத்திரியே கிளம்பிய பஸ்ஸில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. பின்னால் கழிவறை. அதன் கதவு சரியாகச் சாத்தாது. வளைவுக்கு வளைவு திறந்து, உள்ளே இருக்கும் நிலவரத்தை எனக்குத் தெரிவித்துவிட்டு மூடும். என் சீட்டைச் சாய்க்கும் பிடியை இழுத்தேன். சீட்டு சாயவில்லை. பிடி கையோடு வந்துவிட்டது.

அளவெடுப்பது எனக்குப் பழக்கதோஷம். என் முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தது. பஸ் கிளம்பியதும் முன்சீட்டுக்காரர் சாய்ந்தார். நான்கு விரலும் போனது. பேன் பார்க்கும் தூரத்தில் அவர் தலை என் மடிக்கு மேல் வந்து நின்றது. பார்க்கலாம் என்றால் அதில் ஒரு முடியும் இல்லை. எங்கள் இலாகாவில் இதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். எத்தனையோ ஆக்கிரமிப்புகளை அளந்து கல் நட்டவன் நான். இங்கே புகார் கொடுக்க பாஷை தெரியவில்லை.

மனைவி பையைத் திறந்தாள். கம்பளி சாக்ஸ் வந்தது. சால்வை வந்தது. காதில் வைக்கப் பஞ்சு வந்தது. கடைசியாகக் கழுத்துத் தலையணை ஒன்று வந்தது.

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்க ஊர் பாக்க வந்தவங்க."

அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள். எனக்கு நேர் மேலே ஏசி ஓட்டை. குளிர்காற்றோடு அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் விழுந்தது. ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் லைட் போட்டிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு எல்லைச் சாவடி. பஸ்ஸின் விளக்குகள் மொத்தமும் எரிந்தன. எல்லாரும் பெட்டியோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டுமாம். இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன். கூண்டுக்குள் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. படத்தில் இருந்தவன் நன்றாகத் தூங்கியவன்.

திரும்பிப் பார்த்தபோது மனைவி சுவரோரமாக நின்று, குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சால்வையைச் சரிசெய்தாள். அது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பஸ் மறுபடியும் கிளம்பியது. விளக்கு அணைந்தது. அவள் தலை என் தோளில் சரிந்தது. தோள் மரத்துப்போனது, ஆனாலும் அசையவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். எனக்கு ஒரு விஷயத்தில் பயம் என்று ஒருநாள்கூட இவளிடம் சொன்னதில்லை. கேலி செய்வாள் என்பதால் இல்லை. இவள் என்னை நம்பித் தைரியமாக இருக்கிறாள், நான் பயந்தால் இவள் எங்கே போவாள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்காக, வலிக்கிற காலோடு இவளை நடுராத்திரியில் வரிசையில் நிற்கவைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டியது.

வெளியே இருட்டு கொஞ்சம் வெளிறும்போது அவள் கண் விழித்தாள்.

"தூங்கலையா?"

"ஒண்ணு சொல்லணும். எனக்கு ப்ளேன்னா பயம். வரும்போதே உயிர் போயிடுச்சு. ஊர் பாக்கறதெல்லாம் சும்மா சொன்னது."

காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "இத்தன வருஷம் ஏங்க சொல்லல?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சு."

"பயப்படறதுல என்ன வெக்கம்? மனுஷங்கதானே." கழுத்துத் தலையணையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். "பரவால்ல. உங்களுக்காக நான் பொறுத்துக்கறேன். இனிமே இங்க எங்க போனாலும் பஸ்ஸு, ரயில்தான்."

ஊருக்குப் போனதும் ஒரு வருஷத்துக்குக் காலைச் சமையல் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவள் மதியத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்கு மகன் வந்திருந்தான். வீட்டுக்குப் போய், அவள் குளிக்கப் போனதும், சமையலறையில் அவனிடம் உடைந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா எப்பேர்ப்பட்டவள் தெரியுமா என்றேன்.

அவன் அடுப்பைச் சின்னதாக்கினான்.

"அப்பா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? நீங்க அக்கா வீட்டுக்கு வந்து எறங்கின அன்னைக்கே அம்மா எனக்கு போன் பண்ணாங்க. 'செத்துப் பொழச்சு வந்து சேந்திருக்கேன், இனிமே முடிஞ்ச வரைக்கும் அதுல ஏற மாட்டேன்'னாங்க. 'உங்கப்பாவும் வெலவெலத்துப் போய்தான் ஒக்காந்திருந்தாரு. அக்காவ ப்ளேன்னு பேச்ச மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கேன், பஸ்ஸுன்னு அவரே குதிப்பாரு. நான் கொஞ்சம் பிகு பண்ணிட்டு வரேன்'னாங்க. பஸ் டிக்கெட்ட நான் மறுநாளே எடுத்துட்டேம்பா."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம்.

அவள் தலையில் துண்டோடு வந்தாள். மகன் மெதுவாக நழுவினான்.

"உனக்கும் பயமாமே?" என்றேன்.

"அப்படின்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"இல்ல."

"நீங்க சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க." ஈரத் தலையைத் துவட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தாள்: "ஊருக்குத் திரும்பறப்போ ப்ளேன் ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் என் கைய விடாம பிடிச்சுக்கங்க. உங்களுக்குத்தானே பயம்."