ஆணி அடிக்காமல் ஓர் இன்ஸ்டலேஷன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "இது முடியுமா?" என்று கேட்டால், மூளை யோசிக்கத் தொடங்கும் முன்பே வாய் "ஆயிடும் சார்" என்று சொல்லிவிடும். (இந்த வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடவேண்டும் என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.) அந்த வாயால் ஒருநாள் பெங்களூரில் ஒரு கம்பெனியையே நிறுத்தி வைத்தேன்.

அப்போது ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தேன். வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனரம்மாவின் கட்டளை. அதனால் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும், மாமாவின் ஷேவிங் கண்ணாடி அரிசி டிரம்மில் சாய்ந்து நிற்கும். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டிரெய்னி. வேலை கன்ஃபர்ம் ஆகவேண்டிய வாரம் அது. ஆகாவிட்டால் குடியாத்தத்தில் மாமாவின் அண்ணன் நடத்தும் லுங்கிக் கடைதான் கதி.

"கவலப்படாத மச்சான். ஃபேனுக்குக் கீழயே உனக்கு சீட்டு போடச் சொல்லிட்டேன்" என்று மாமா ஆறுதல் வேறு சொல்லிவிட்டார். அந்த ஃபேன் என் கனவிலெல்லாம் சுற்றியது.

வெளிநாட்டு கிளையன்ட் வரப்போகிறார்கள் என்றதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பாஸ்கர், ஸ்கிரீன் முழுக்க வெறும் நம்பரா இருக்கு. கிராஃபா காட்ட முடியுமா?"

"ஆயிடும் சார்."

கிராஃப் வரையும் சாஃப்ட்வேர் எங்களிடம் இல்லவே இல்லை. ஆஃபீஸ் மொத்தமும் ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில்தான் வேலை செய்தது. அதில் எதையாவது முறைப்படி ஏற்றவேண்டுமானால் ரூட் பாஸ்வேர்ட் வேண்டும். அது சிஸ்டம் அட்மின் மஞ்சுநாத்திடம் மட்டும்தான் இருந்தது.

"ரூட் பாஸ்வேர்ட் மாத்ர கேளபேடி. ஆகல்ல. என் பெண்டாட்டி கேட்டாலும் கொடுக்க மாட்டேன்" என்றார், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக. (அவர் மனைவி எதற்குக் கேட்கப்போகிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.)

ஆனால் ரூட் இல்லாமலும் ஒரு வழி இருந்தது. சாஃப்ட்வேரின் மூல நிரலை இறக்கி, நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றி, நம்முடைய சொந்த டைரக்டரிக்குள் வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் கேட்க முடியாது. உட்கார்ந்தேன். கிராஃப் சாஃப்ட்வேர் தனக்குத் துணையாக ஒரு லைப்ரரி, அதாவது இன்னொரு நிரல் தொகுப்பு, வேண்டும் என்றது. அந்த லைப்ரரி இன்னொன்று வேண்டும் என்றது. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் ஓரகத்தி, நாத்தனார் என்று வேன் பிடித்து வருவார்களே, அந்தக் கதைதான். எல்லோரையும் ஒருவழியாக உட்கார வைத்தேன். கிளையன்ட் வரும் நாள் காலையில் மிச்சம் இருந்தது கடைசிப் பெரிய கம்பைல் மட்டும்.

அது ஆமை வேகத்தில் ஊர்ந்தது. வாசலில் கிளையன்டின் கார் வந்து நின்றுவிட்டது. அவசரமாகக் கையேட்டைப் புரட்டினேன். கம்பைலை ஓட்டும் 'மேக்' கட்டளையோடு -j என்று சேர்த்தால் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யுமாம். எத்தனை என்று எண் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் எல்லை கிடையாதாம். எல்லை கிடையாதா! அடடா, நமக்கு எதற்கு எல்லை? எண் போடாமல் தட்டினேன்.

வரிகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். அதற்குள் திரை அப்படியே நின்றது. பக்கத்து மேஜையிலும் நின்றது. பிறகு மாடி முழுக்க.

"கரண்ட் போச்சா?"

"லைட் எரியுதேப்பா!"

"இந்த மஞ்சுநாத் சர்வர என்னதான் பார்த்துக்கிறாரோ!" இதை எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவன் நான். சத்தியமாக, என்னால்தான் என்று எனக்குத் தெரியாது.

மீட்டிங் ரூமில் மேனேஜர் கிளையன்டுக்குக் காபிக்கு மேல் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சர்வர் ரூமில் மஞ்சுநாத் மல்லுக்கட்டி ஒரு பட்டியலை வரவழைத்தார். சர்வரில் யார் யார் வேலை ஓடுகிறது என்று காட்டும் பட்டியல். நானும் அக்கறையாக எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான்.

மஞ்சுநாத் மெல்லத் திரும்பினார். "பாஸ்கர், ஏனப்பா இது?"

"சீக்கிரம் ஆகட்டும்னு -j போட்டேன் சார்..."

"நம்பர் எல்லி?"

"போடல சார்."

ஒரே கட்டளையில் என் வேலைகள் அத்தனையையும் நிறுத்தினார். மாடிக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார். "சாயந்திரம் உன் கன்ஃபர்மேஷன்ல நான் கையெழுத்து போடணும். போடட்டுமா, சொல்லு?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் "ஆயிடும் சார்" என்று சொல்லவில்லை. தலைக்கு மேல் குடியாத்தத்து ஃபேன் சுற்றுவது போலிருந்தது.

"சார், ஒந்து நிமிஷ" என்றார் மஞ்சுநாத். "ரூட் இல்லாம இவ்ளோ தூரம் தனியா ஏத்தியிருக்கான். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒரு ஆள் எவ்ளோ ஓட்டலாம்னு நான் லிமிட் வெச்சிருக்கணும், வெக்கல. அது என் தப்பு." என்னைப் பார்த்து, "ஹோகு, ரெண்டுன்னு போட்டு ஓட்டு" என்றார்.

ரெண்டு என்று போட்டேன். அது மனுஷன் மாதிரி நிதானமாக ஓடியது. மேனேஜர் வடையை வரவழைத்து நேரத்தை ஓட்ட, கடைசித் துண்டு தீரும்போது திரையில் கிராஃப் வந்தது. வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். (வடைக்காகவும் இருக்கலாம்.) சாயந்திரம் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "ரூட்டுன்னா என்னடா?" என்றாள் அக்கா.

"ஹவுஸ் ஓனர் மாதிரிக்கா."

"ஓ! அப்போ நீ ஆணி அடிக்காம ஸ்டாண்டு வெச்சிருக்க. நல்ல வேலதான். ஆனா கடையில இருக்கிற ஸ்டாண்டெல்லாம் ஒரே நேரத்துல கொண்டாந்து நடு வீட்டுல போட்டா, மத்தவங்க எங்கடா நடப்பாங்க?"

அந்தக் கையேடு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுநாளே மஞ்சுநாத் சர்வரில் வைத்த கட்டுப்பாட்டுக்கு ஆஃபீஸில் 'பாஸ்கர் லிமிட்' என்று பெயர் வந்தது. வீட்டில் நான் பந்தியில் அவசரப்பட்டாலும் சரி, வண்டியில் பறந்தாலும் சரி, "நம்பர் போடுடா" என்று அக்கா குரல் கொடுப்பாள்.

பல வருஷம் கழித்து எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினேன். குடிபோன அன்று கையில் சுத்தியலோடு நின்று, "இனிமே இங்க நான்தான் ரூட்!" என்று கத்தினேன். எந்தச் சுவரில் முதலில் அடிப்பது என்றுகூடப் பார்க்காமல் ஆணி டப்பாவைத் தேடினேன்.

டப்பா அக்கா மடியில் இருந்தது. மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எத்தனை?"

"ரெண்டுக்கா."

ரெண்டே ரெண்டு ஆணியை எடுத்து என் கையில் வைத்தாள்.