கிராம் சார் அளந்த காற்று

"நாற்பத்தஞ்சா!"

கிராம் சார் போட்ட சத்தத்தில், பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் கேட்டது முப்பத்திமூணு பாயிண்ட். நீங்க அடிச்சிருக்கிறது நாற்பத்தஞ்சு. இது டயரா, பலூனா?"

"என் மிஷின்ல முப்பத்திமூணுதான் சார் காட்டுது. வேணும்னா நீங்களே பாருங்க."

"அதை எதுக்கு நான் பாக்கணும்? நீங்க இதைப் பாருங்க."

அவர் நீட்டியது காற்றழுத்தம் அளக்கும் கனமான பித்தளை கேஜ். கழுத்தில் ஒரு சிவப்பு நூல், நூலில் ஒரு சீட்டு. முள் நாற்பத்தைந்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

கிராம் சார் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யாரும் உபயோகிப்பதில்லை. ஒரு முறை மளிகைக் கடையில் சர்க்கரை ஒரு கிராம் குறைந்துவிட்டது என்று, கடையிலிருந்த அத்தனை பொட்டலங்களையும் பிரிக்கச் சொல்லி மாலை வரை எடை போட்டார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் கிராம் சார். "கண்ணு பொய் சொல்லும், கருவி பொய் சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு.

பையிலிருந்து கம்பி வந்தது, ஈயம் வந்தது, இடுக்கி வந்தது. ஐந்தே நிமிடத்தில், இனி யாரும் இயக்கக் கூடாது என்று காற்று மிஷினுக்கு முத்திரை விழுந்தது.

"சார், சார்! பத்து வருஷமா இதுலதான் சார் ஊருக்கே காத்து அடிக்கிறேன்!"

"பத்து வருஷமாவா!" கிராம் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே, பத்து வருஷமாவா?"

நாலு டயரிலும், டிக்கியில் இருந்த ஸ்டெப்னியிலும் புஸ்ஸென்று காற்றை இறக்கி, பித்தளை கேஜில் முள் முப்பத்திமூன்றுக்கு வந்த பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார்.

இவ்வளவு அக்கறைக்குக் காரணம் இருந்தது. வியாழக்கிழமை காலை ரயிலில் துறையின் தலைமை அதிகாரி வருகிறார். அலுவலக ஜீப் பட்டறையில் படுத்துவிட்டதால், கிராம் சார் தன் சொந்தக் காரில் அவரை அழைத்து வரவேண்டும். அந்தத் தலைமை அதிகாரியின் கையெழுத்துக்காகத்தான் கிராம் சாரின் மாறுதல் மனு மூன்று வருஷமாகக் காத்துக்கிடந்தது.

மனைவி ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ஊரில் ஆசிரியை. மகளும் அவளோடுதான். இந்த மூன்று வருஷத்தில் மகளுக்கு நாலு பல் விழுந்து முளைத்துவிட்டது. ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் போனில் வாயைத் திறந்து காட்டியதுதான்.

"முதல்ல வண்டிக்குக் காத்து பாருங்க" என்று மனைவிதான் போனில் சொன்னாள். "வழியில டயர் பஞ்சராச்சுன்னா நம்ம மாறுதலும் பஞ்சர்தான்."

அடுத்தவர் கேஜை நம்பி அளக்கிறவரா கிராம் சார்? அலுவலகத்தில் மூலக் கருவிகள் இருக்கும் மாஸ்டர் பீரோவைத் திறந்தார். வழக்கமாக பியூன்தான் கருவிகளை எடுத்து நீட்டுவார், இவர் வாங்கி அளப்பார். பியூன் முழங்கால் வலி என்று பத்து நாள் விடுப்பில் போய்விட்டதால் இவரே தேட வேண்டியதாயிற்று. மேல் தட்டில், மூலப் படிக்கற்களுக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் குழந்தையைப் போலச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது இந்தப் பித்தளை கேஜ். சீட்டில் இருந்த எழுத்தெல்லாம் ஈரம் பட்டு ஊறிப்போயிருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவருடைய கையெழுத்து.

தன் கையெழுத்துக்கு மேல் இன்னொரு சான்று உலகத்தில் உண்டா என்ன?

மறுநாள் காலை, எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டருகே நின்று காரை உற்றுப் பார்த்தார்.

"என்ன சார், டயரெல்லாம் சப்பையா இருக்கு? வண்டி குந்திக்கிட்ட மாதிரி இருக்கே!"

"கண்ணு பொய் சொல்லும்" என்றபடி கிராம் சார் கேஜை வைத்தார். வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்திரண்டு! ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பாயிண்ட் காணாமல் போயிருந்தது.

அந்த ஒரு பாயிண்டுக்காகப் பஞ்சர் கடைக்கு ஓடினார்.

"ஒரே ஒரு பாயிண்ட் அடிங்க. முப்பத்திமூணு ஆகணும்."

பஞ்சர் கடைக்காரர் தன் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, கிராம் சாரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பாயிண்டா? சார், இதுல இருக்கிறதே இருபதுதான். இதுலயா ஓட்டிட்டு வந்தீங்க?"

"முதல்ல அடிங்க."

அடித்தார். முப்பத்திமூன்று என்றார். கிராம் சார் பித்தளை கேஜை வைத்தார்.

நாற்பத்தைந்து.

"அதே நாற்பத்தஞ்சு!" கிராம் சார் கத்தினார். நேற்று ஒருவன் செய்த தப்பை, இன்று இன்னொருவன் அச்சு அசலாக அப்படியே செய்கிறான். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருப்பார்கள். கிராம் சாரும் யோசித்தார். யோசித்து, இது கூட்டுச்சதி என்று கண்டுபிடித்தார்.

இரண்டாவது முத்திரை விழுந்தது. மறுபடி புஸ்ஸென்று காற்று இறங்கியது.

ஊரில் மீதி இருந்தது ஒரே கடை. பெரிய சாலையில் ஓர் அக்கா நடத்தும் டயர் கடை. லாரி டயரையே ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவர். கிராம் சார் துப்பறிகிறவர் போலப் போய், "காத்து அடிக்க வேண்டாம், எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாருங்க" என்றார்.

அக்கா பார்த்தார். "இருபத்தொண்ணு."

"முப்பத்திமூணு!" என்று பித்தளை கேஜைத் தூக்கிக் காட்டினார் கிராம் சார். "அங்கயும் பன்னிரண்டு வித்தியாசம், இங்கயும் பன்னிரண்டு. மூணு பேரும் எங்க உக்காந்து பேசி வெச்சீங்க?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சார், மூணு கடையில ஒரே மாதிரி சொல்றோம். நீங்க ஒருத்தர் மட்டும் வேற சொல்றீங்க. அப்போ யார் மேல சார் சந்தேகம் வரணும்?"

"மூணு பேர் மேலயும்" என்றார் கிராம் சார். இடுக்கியை எடுத்தார்.

"முத்திரை போட்டுட்டீங்கன்னா ஊர்ல காத்து அடிக்க வேற இடமே இல்ல சார். நாளைக்கு உங்களுக்கே வேணும்னா?"

"என் வண்டியில அளவு சரியா இருக்கு."

மூன்றாவது முத்திரையும் விழுந்தது. வீட்டுக்கு வந்து, ஸ்டெப்னியை மட்டும் கடைசியாக ஒரு தரம் அளந்து, கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததைக் குச்சியால் அழுத்தி இறக்கினார். குச்சியின் நுனி ஒடிந்து வால்வுக்குள்ளேயே நின்றுவிட்டது. அது அவருக்குத் தெரியாது. திருப்தியாக டிக்கியை மூடினார்.

வியாழக்கிழமை காலை ரயில் நிலைய வாசலில் தலைமை அதிகாரியைப் பார்த்ததும் கார் பாதி செத்துவிட்டது. ஆள் அவ்வளவு கனம். கூடவே இரண்டு இரும்புப் பெட்டி நிறைய கோப்புகள். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கமாக 'உம்' என்று சாய்ந்தது.

"உங்க மாறுதல் மனு பையிலயே இருக்கு" என்றார் தலைமை அதிகாரி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே. "கையெழுத்துதான் பாக்கி. பதினோரு மணிக்குக் கோர்ட்ல உங்க கேஸ் இருக்கே, அதைப் பாத்துட்டுப் போட்டுடறேன். அதுக்காகத்தான் நானே நேர்ல வந்தேன்."

கிராம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் கேஸ் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் போட்ட கேஸ்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. எதைக் கேட்டாலும் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

"சாட்சிப் பொருளெல்லாம் பத்திரமா இருக்கில்ல?"

"பியூன் பொறுப்பு சார். இன்னைக்குத்தான் வேலைக்கு வர்றார். ஒரு துரும்பு நகராது."

பாதி வழியில் ஸ்டீயரிங் மாவு பிசைவது போலத் திணறியது. கிராம் சாருக்குச் சந்தேகம் தட்டியது. ஓரமாக நிறுத்தி இறங்கி, கேஜை வைத்தார். முப்பத்தாறு!

"என்னாச்சு?" என்றார் தலைமை அதிகாரி.

"சூட்டுல காத்து விரிஞ்சிருக்கு சார். மூணு பாயிண்ட் ஜாஸ்தி. இப்படியே ஓட்டினா ஆபத்து." நாலு டயரிலும் சுற்றி வந்து புஸ், புஸ்ஸென்று இறக்கினார்.

தலைமை அதிகாரி அசந்துபோய்விட்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை" என்றார். மகளின் ஐந்தாவது பல்லை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிராம் சாருக்கு உறுதியாகத் தோன்றியது.

அந்த உறுதி சரியாக இரண்டு கிலோமீட்டர் தாங்கியது. பெரிய சாலையில் ஒரு பள்ளம். எல்லா வண்டியும் அன்றாடம் இறங்கி ஏறுகிற சாதாரணப் பள்ளம்தான். தலைமை அதிகாரியும் இரண்டு இரும்புப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் குதித்து இறங்கியதில், காற்றில்லாத டயரை ரிம் கடித்தது.

டமார்!

இருவரும் வெளியே வந்து பார்த்தார்கள். முன் டயர் பிளந்து கிடந்தது.

"ஸ்டெப்னி இருக்கு சார், பத்தே நிமிஷம்!" கிராம் சார் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி அப்பளம் போலச் சப்பையாகக் கிடந்தது.

"காத்து அடிச்சா போதும்" என்றார் தலைமை அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்தபடி. "அதோ எதிர்லயே டயர் கடை இருக்கே!"

எதிரில் அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ்.

"வாங்க சார்" என்றார் அக்கா. "மிஷின் இருக்கு, காத்தும் இருக்கு. முத்திரையும் இருக்கே, என்ன பண்றது?"

"யாரு போட்டது?" என்றார் தலைமை அதிகாரி.

அக்கா டீ கிளாஸாலேயே கிராம் சாரைக் காட்டினார். "வேற கடைக்குப் போலாம்னா, மீதி ரெண்டுக்கும் சாரே போட்டுட்டார்."

"ஊர்ல இருக்கிற எல்லாக் கடைக்குமா!" தலைமை அதிகாரி குனிந்து முத்திரையைப் பார்த்தார். "எதை வெச்சு போட்டீங்க?"

வேலை, வீடு இரண்டும் இனி இந்தப் பதிலில்தான் இருந்தன. கிராம் சார் நிமிர்ந்து நின்றார். மஞ்சள் துணியைப் பிரித்து, பித்தளை கேஜை இரு கையாலும் நீட்டினார்.

"ஆதாரம் இருக்கு சார். நம்ம மாஸ்டர் கேஜ். மூணு கடை கேஜும் இதுலேர்ந்து பன்னிரண்டு பாயிண்ட் விலகுது. என் கையெழுத்தே இருக்கு, பாருங்க."

தலைமை அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சைக்கிள் கிறீச்சென்று வந்து நின்றது. பியூன். வியர்த்து வழிந்து, ஒரு காலைத் தாங்கித் தாங்கி ஓடி வந்தார். வந்தவர் கண் அந்தக் கேஜில் பட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பாடா, உங்ககிட்டதான் இருக்கா! உயிரே போயிடுச்சுங்கய்யா, உங்களைத் தேடித்தான் ஸ்டேஷனுக்குப் போயிட்டிருந்தேன். சாட்சிப் பொருள் அறை ஒழுகுதேன்னு நான்தான் இதை மாஸ்டர் பீரோவுல வெச்சிட்டுப் போனேன். சீக்கிரம் கொடுங்க, கோர்ட்ல கேஸைக் கூப்பிட்டாச்சு. பன்னிரண்டு பாயிண்ட் கூட்டிக் காட்டுது, ஊர்லயே தப்பான கேஜ் இது ஒண்ணுதான்னு போன வருஷம் நீங்கதானேய்யா பிடிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க!"