நாடியடக்கியின் செம்புக் காப்பு

உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேல்மாடியில் ஒரு மகான் குடியேறியிருந்தார். நாடியடக்கி என்று பட்டம். கீழே ஓடிக் களைத்தவர்கள் மேலே ஏறி அவர் காலில் விழுந்தால் படபடப்பு பறந்துவிடுமாம். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? மாடிப்படி முழுக்கச் செருப்பு. நாடி காட்டும் கடிகாரம் கட்டியவர்களுக்குத்தான் பயம் அதிகம். நூற்றைம்பது என்று அது காட்டியதும் உயில் எழுத ஆள் தேடினார்கள்.

அவர்களில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை ஏறிப்போனதால் தினமும் வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அடுத்த மாதம் உடல்தகுதிச் சோதனை; தேறாவிட்டால் வண்டியைத் தொட முடியாது. மனிதர் நடந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வெலவெலத்துப்போய் மேலே ஏறினார்.

நாடியடக்கியின் வைத்தியம் ரொம்பப் பெரியது. காசை வாங்கிக்கொண்டு கையில் செம்புக் காப்பை மாட்டி, கண்ணை மூடி அசையாமல் உட்காரச் சொல்லி, பத்து நிமிடம் முணுமுணுப்பார். பிறகு பார்த்தால் எண்பது! கூடவே ஓர் உபதேசம்: பிறக்கும்போதே துடிப்பை எண்ணித்தான் கொடுத்திருக்கிறார்கள், நடந்து வீணாக்காதே. யார் எண்ணினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டுநர் நடையை விட்டார். இருபது நாளில் சர்க்கரை இன்னும் ஏறியது.

அவர் மனைவி தையல்காரர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர். காப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கணவரை விறுவிறுவென்று மாடிக்கு நடத்தினார். கடிகாரம் நூற்று நாற்பது காட்டியது. செருப்புகளுக்கு நடுவே படியிலேயே பத்து நிமிடம் உட்காரவைத்தார். எண்பத்திரண்டு.

உள்ளே போய் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"காப்பும் இல்ல, மந்திரமும் இல்ல. எப்படிச் சாமி இறங்குச்சு?"

தம் அருள் படி வரைக்கும் பாயும் என்றார் மகான்.

"அப்ப நல்லதாப் போச்சு. உங்க கையில நாலு காப்பு இருக்கு. இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு மூணு தடவ படி ஏறி இறங்கிட்டு வாங்க. எண்பதத் தாண்டலைன்னா நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்."

கூட்டத்துக்கு வேடிக்கை கசக்குமா? பக்தர்களே அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஏற்றத்தில் கைப்பிடியைப் பற்றியபடி வந்து சேர்ந்தார் நாடியடக்கி. நூற்று அறுபத்தைந்து. அதைப் பார்த்ததும் அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆகாது. ஓடினா ஏறும், உட்கார்ந்தா இறங்கும். மருத்துவர் எங்ககிட்ட இதைத்தான் சொன்னார், காசு வாங்காம."

ஓட்டுநருக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. இருபது நாளைத் தின்னுட்டானே என்று பொருமியபடி வீட்டுக்கு வேகவேகமாக நடந்தே போனார். கடிகாரம் மனைவியின் பையில் இருந்தது.

மற்றவர்கள்? செம்பு பலிக்கலைன்னா வெள்ளியில ஏதாவது இருக்கா என்று ஒருவர் மகானிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். வெள்ளி தேடும் ஐயா, உங்கள் நெஞ்சு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. நீண்ட விடுப்பில் இருப்பது தலைதான். முதலில் அதை வேலைக்குக் கூப்பிடுங்கள்.