இட்லிக் குண்டானில் குளித்த பந்து

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க யார் யாரோ படையோடு வந்து மாசக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இளவழகன் பிடிக்க நினைத்தது கோட்டையை அல்ல. ஒரே ஒரு கிழமையை. ஞாயிற்றுக்கிழமையை. அதுவும் சொந்தப் பெண்டாட்டியிடமிருந்து. இரண்டில் எது கஷ்டம் என்று கல்யாணமானவர்கள் சொல்லட்டும்.

விஷயம் இதுதான். வாரத்தில் ஆறு நாள் அவன் நெல் மண்டியில் எடை போடுகிறவன். ஏழாவது நாள், மனைவி ரஞ்சிதத்தின் டிபன் கடையில் வடை மாஸ்டர். கடை திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஞாயிறு வந்தால் மலை ஏற வருகிற கூட்டம் முதலில் அவள் கடையில்தான் ஏறும். இளவழகன் போடும் மெதுவடைக்காகவே அவலூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. சும்மா சொல்லவில்லை, இரண்டு பேரை எனக்கே தெரியும்.

இப்படி நிம்மதியாக வெந்துகொண்டிருந்த மனுஷன் வாழ்க்கைக்குள் ஒரு பந்து உருண்டு வந்தது.

போன வருஷம் திண்டிவனம் ரோட்டில் பௌலிங் கூடம் ஒன்று திறந்தார்கள். நாலு லேன். ஒவ்வொன்றும் அறுபது அடி நீளத்துக்கு வழவழவென்று பலகைப் பாதை, இரண்டு ஓரமும் பள்ளம். அந்தக் கோடியில் முக்கோணமாகப் பத்துக் கட்டை. இந்தக் கோடியிலிருந்து பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் ஏசிக் காற்றுக்காகப் போய்விட்டு வந்தார்கள். இளவழகனும் அப்படித்தான் போனான். ஒரு தடவை உருட்டினான். அதோடு சரி, ஆள் போய்விட்டான்.

அப்புறம் பெங்களூரில் கார் ஓட்டும் அவன் பங்காளி பார்த்திபன், வெளிநாட்டுக்குக் குடிபோன முதலாளி விட்டுச் சென்ற பந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். இளவழகனின் விரலளவை ஒரு காகிதத்தில் வரைந்து வாங்கிப் போய், அதற்கேற்பப் புதிதாக ஓட்டை போட்டு வந்த பந்து. கருநீலம். உள்ளே சிவப்பு மேகம் சுழல்கிற மாதிரி ஒரு கோலம். ரியாக்டிவ் பந்து என்று அதற்குப் பெயர். கைக்குழந்தையை வாங்குவது போல அதை வாங்கிக்கொண்டான். சொந்தப் பிள்ளைகளை அவன் அப்படி வாங்கியதில்லை என்பது ரஞ்சிதத்தின் கட்சி.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ரஞ்சிதம் அடுப்படிக்குள் நுழைந்தாள். கடையின் பெரிய இட்லிக் குண்டானிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"மாமா, குண்டான்ல இன்னா வேகுது?"

"வேகல. குளிக்குது."

"யாரு?"

"பந்து."

ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கருநீலப் பந்து சுகமாக உட்கார்ந்திருந்தது.

"விடிஞ்சா இதுல நான் இட்லி வேக வெக்கணும்."

"பாத்திரம் கழுவற சோப்புதான் போட்டிருக்கேன். உனக்குப் பாத்திரமும் சுத்தமாயிடும்."

ரஞ்சிதம் சண்டைக்குத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தண்ணீர் மேல் அவள் கண் போயிற்று. பொட்டுப் பொட்டாக எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது.

"இது இன்னாது, பந்துலேர்ந்து எண்ணெ வருது?"

இளவழகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவனிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"லேன் மேல எண்ணெ தடவி வச்சிருப்பாங்க ரஞ்சி. மொத நாப்பது அடிக்குத்தான் எண்ணெ. கடைசி இருபது அடி காஞ்சி கெடக்கும். என் பந்து எண்ணெ மேல சர்ருனு வழுக்கிக்கினே போவும். வலது ஓரமாப் போவும். பாக்கறவன், இது பள்ளத்துல விழப்போவுதுன்னு நெனப்பான். காஞ்ச எடம் வந்ததும் தரையப் புடிக்கும் பாரு, அப்படியே எடது பக்கம் வளைஞ்சி வந்து நடு நெத்தியில அடிக்கும். பத்தும் காலி."

"எண்ணெ ஜாஸ்தியா இருந்தா?"

"புடிக்கவே புடிக்காது. வளையாம நேராப் போயிடும். எண்ணெ கம்மியா இருந்தா பாதி வழியிலயே வளைஞ்சி எடது பக்கம் ஓடிடும்."

"தோசக்கல்லுதான்" என்றாள் ரஞ்சிதம். "எண்ணெ மிஞ்சினா மாவு நிக்காம வழுக்கும். கல்லு காஞ்சிருந்தா ஊத்தின எடத்துலயே புடிச்சிக்கும்."

இளவழகன் அசந்துபோனான். இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு நாலு மாசமும் நாற்பது வீடியோவும் ஆகியிருந்தன.

"அதேதான். ஆடற ஒவ்வொரு வாட்டியும் இந்தப் பந்து எண்ணெய உறிஞ்சிக் குடிச்சிக்கினே இருக்கும். குடிச்சது ஜாஸ்தியானா புடிப்பு போயிடும். அதான் குளிப்பாட்டறேன்."

"அங்க வாடகைக்குத் தர்ற பந்தும் குடிக்குமா?"

"ஐய, அது பிளாஸ்டிக்கு. குடிக்கவும் குடிக்காது, வளையவும் வளையாது. நேராப் போவும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

"குடிக்காதுன்னா, அது மேல ஒட்டின எண்ணெ எங்க போவும்?"

"எங்கயோ போவும். அதெல்லாம் உனக்கெதுக்கு?"

இந்தக் கேள்வியை நீங்கள் கொஞ்சம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இளவழகன் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று கண்டதும் அவன் விஷயத்தை எடுத்தான். பௌலிங் கூடத்தில் ஞாயிறுதோறும் ஒரு குழு ஆடுகிறது. அவனையும் சேரச் சொல்கிறார்கள். ஆனால் ஞாயிறு வடைக்குப் போய்விடுகிறது.

"ஒரே ஆட்டம் ரஞ்சி. நீயும் நானும். நான் ஜெயிச்சா இந்த வருஷம் பூரா ஞாயித்துக்கிழம என்னுது."

"நான் ஜெயிச்சா?"

இளவழகன் சிரித்தான். பாவம், சிரிக்கிற கடைசி வாய்ப்பு அதுதான் என்று அவனுக்குத் தெரியாது.

"நீ ஜெயிச்சா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமைல நீ எங்க நிக்கச் சொல்றியோ அங்க நிக்கறேன்."

"எழுதிக் குடு."

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டான். ரஞ்சிதம் அதை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

"மணி நீ சொல்லு. பந்து உன்னுது எடுத்துக்க. எந்த லேன்னு மட்டும் நான் சொல்றேன்."

ஒத்துக்கொண்டான். அவன் திட்டம் வேறு. கூடத்தில் மிஷின் வைத்து எண்ணெய் தடவுகிற பெரியதம்பி அவன் சிநேகிதன். காலை ஏழு மணிக்கு நாலு லேனுக்கும் ஒரே அளவாகத் தடவுவான். கூட்டம் வருவது பதினொரு மணிக்கு மேல்தான். ஒன்பது மணிக்குப் போனால் எண்ணெய் வைத்தது வைத்தபடி இருக்கும். அவன் பந்துக்கு அதைவிடப் பொருத்தமான தரை கிடையாது. எந்த லேனைச் சொன்னால் என்ன? ஞாயிறு காலை ஒன்பது என்றான். ரஞ்சிதம் தலையை ஆட்டினாள்.

அந்த ஞாயிறு அவன் போட்ட வடையைப் போல அவன் என்றைக்கும் போட்டதில்லை. கடைசி நாள் வடை அல்லவா? விழுப்புரத்திலிருந்து ஒரு காலேஜ் பஸ் வந்து நின்றது. இருபத்தெட்டு பிள்ளைகள், கூட வந்த பூங்குழலி டீச்சர். வடை சட்டி சட்டியாகக் காலியானது. இளவழகன் சட்டிக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சிதம் டீச்சரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

ஒன்பது மணிக்குக் கூடத்து வாசலில் அதே பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டினாள். "அங்கிள், வடை சூப்பர். ஆன்ட்டி சொன்ன மூணாவது லேனும் சூப்பர்."

இளவழகன் திரும்பிப் பார்த்தான்.

"கோட்ட வாசல் தெறக்க நேரம் இருந்துச்சாம்" என்றாள் ரஞ்சிதம். "புள்ளைங்க எங்க போவும்? அதான் இங்க அனுப்பி வச்சேன். மாமா, நாம மூணாவது லேன்."

இருபத்தெட்டு பேர் ஒன்றரை மணி நேரம் உருட்டிய லேன். இளவழகன் பதறவில்லை. அவன் நாற்பது வீடியோ பார்த்தவன். இத்தனை பேர் ஆடியிருந்தால் எண்ணெய் தீர்ந்து லேன் காய்ந்திருக்கும், பந்து சீக்கிரமே வளைந்துவிடும் என்று கணக்குப் போட்டான். அதற்கு மருந்தும் தெரியும். இடது பக்கமாகத் தள்ளி நின்று, வலது ஓரத்தைப் பார்த்து வேகமாக விட வேண்டும். தள்ளி நின்றான். விட்டான்.

பந்து வலது ஓரமாகப் போனது. வழுக்கிக்கொண்டு போனது. இதோ திரும்பும் என்று இளவழகன் உடம்பையே இடது பக்கம் வளைத்துக் காட்டினான். பந்து வளையவில்லை. ஓரப் பள்ளத்தில் இறங்கி அமைதியாக மறைந்தது.

இன்னும் காய்ந்திருக்கிறது போல, போதுமான அளவு தள்ளி நிற்கவில்லை என்று இன்னும் தள்ளி நின்றான். மறுபடியும் பள்ளம். மூன்றாவது முறை பக்கத்து லேன்காரன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

ரஞ்சிதம் பச்சை நிற வாடகைப் பந்தை எடுத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். இட்லித் தட்டை இறக்கி வைக்கிற பதத்தில் பந்தைத் தரையில் விட்டாள். அது நேராகப் போனது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏழு கட்டை விழுந்தது. அடுத்ததில் இரண்டு.

"நீ இதுக்கு முன்ன ஆடியிருக்கியா?"

"பெரியதம்பி அண்ணனுக்கு தினமும் சாப்பாடு கொண்டாருவேன் இல்ல. அவர் சாப்ட்டு முடிக்கற வரைக்கும் சும்மா நிக்கறதான்னு நாலு பந்து உருட்டுவேன்."

ஆளுக்குப் பத்து முறை, முறைக்கு இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் சாய்ந்தால், அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் அந்த முறைக் கணக்கில் கூடச் சேரும். ஆறு முறை முடிந்தபோது அவள் ஐம்பத்து நாலு, அவன் இருபத்து நாலு. அவன் பெரியதம்பியிடம் ஓடினான். பெரியதம்பி ரஞ்சிதம் கடைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பெரியதம்பி, லேன்ல எண்ணெ இருக்குதா இல்லியா?"

"இருக்குது. எடம்தான் மாறிடுச்சு" என்றான் பெரியதம்பி, பொங்கலிலிருந்து நிமிராமல்.

இளவழகனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிளாஸ்டிக் பந்து எண்ணெயைக் குடிக்காது. குடிக்காத எண்ணெயை இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் விடும். இருபத்தெட்டு பிள்ளைகள், அவன் கையால் போட்ட வடையைத் தின்ற தெம்பில், முன்பக்கத்து எண்ணெயை எல்லாம் கடைசி இருபது அடியில் கொண்டுபோய்ப் பூசிவிட்டார்கள். பந்து பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பே இல்லை. குடிக்காத பந்தில் ஒட்டின எண்ணெய் எங்கே போகும் என்று புதன்கிழமையே கேட்டாள். குண்டானைப் பார்த்த ஐந்தே நிமிஷத்தில் கேட்டாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படி ஒரு மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவுக்கு டேட்டா செலவு பண்ணினோமே என்று வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆனாலும் ஞாயிறு ஞாயிறுதான். நடுவுக்கு வந்து நின்றான். பந்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். வேகத்தைக் குறைத்து, உள்பக்கமாக விட்டான். ஏழாவது முறை எட்டு விழுந்தது. எட்டாவது முறை பந்து எண்ணெயைத் தாண்டி, கடைசி ஆறடியில் தரையைப் பிடித்து, அழகாகத் திரும்பிப் பத்தையும் வாரிக்கொண்டு போனது. ஒன்பதாவதும் அப்படியே. அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ரஞ்சிதமே கை தட்டினாள்.

கடைசி முறை. அவள் தொண்ணூற்று ஒன்றில் முடித்திருந்தாள். அவன் முதல் பந்தில் எட்டு விழுந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டை நின்றது. இரண்டையும் சாய்த்தால் இன்னொரு பந்து கிடைக்கும், அதில் ஜெயித்துவிடலாம். பந்து திரும்பி வந்தது. எடுத்தான்.

"பந்தத் தொடச்சிக்க மாமா" என்றாள் ரஞ்சிதம்.

இளவழகன் நின்றான். துடைக்கத்தான் துண்டை எடுத்திருந்தான். இவள் ஏன் சொல்கிறாள்? காலையிலிருந்து இவள் சொன்னதெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது? இனியும் ஏமாற நான் என்ன மடையனா? துண்டைப் போட்டுவிட்டு அப்படியே விட்டான்.

எண்ணெய் மினுமினுக்க பந்து போனது. பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு இழை வழுக்கியது. ஒரு கட்டை விழுந்தது. ஒன்று ஆடி, யோசித்து, நின்றுவிட்டது. எண்பத்து எட்டு.

"நெசமாத்தான சொன்னேன்" என்றாள் ரஞ்சிதம்.

இளவழகன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். "செரி. வர்ற ஞாயித்துக்கிழம எங்க நிக்கணும், கடையிலதான?"

"காலைல கடையில. பத்து மணிக்கு மேல இங்க."

"இங்கயா?"

ரஞ்சிதம் மூலையைக் காட்டினாள். சிப்ஸ் பொட்டலம் மட்டும் தொங்கும் கேன்டீன். ஞாயிற்றுக்கிழமைக்கு அதைத் தனக்கு விடும்படி கூடத்து ஓனரிடம் செவ்வாய்க்கிழமையே பேசி முடித்துவிட்டாளாம். வடை மாஸ்டரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் பாக்கியாக இருந்ததாம். மறுநாள் அவனே பந்தைக் குண்டானில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்போது ஞாயிறுதோறும் இளவழகன் பௌலிங் கூடத்தில்தான் இருக்கிறான். ஆசைப்பட்ட மாதிரியே, பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும். நாலு லேனும் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது. எந்தப் பந்து வளையும், எது வழுக்கும் என்று வடையைத் திருப்பிப் போட்டபடியே சொல்கிறான், பெரும்பாலும் சரியாகவே சொல்கிறான். மூன்றாவது லேனில் ரஞ்சிதம் ஆடும்போது சட்டியை மறந்து பார்ப்பான்.

போன வாரம் கூட்டம் ஓய்ந்த நேரம். பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை என்று லேன் பக்கம் நடந்தான். பெரியதம்பி வாயில் வடை இருந்ததால் பேசாமல் சுவரைக் காட்டினான். "எண்ணெய்க் கையோடு யாரும் லேன் பக்கம் வரக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருந்தது, ரஞ்சிதத்தின் கையெழுத்தில்.