கனடாவுக்கு ஒரு கழிப்பறைப் பயணம்

ஒரு மொழி அடியோடு தெரியாதவனுக்கு ஆபத்து குறைவு. கையைக் காலை ஆட்டித் தப்பிவிடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் மாட்டுப்படுவான், ஏனென்றால் அவன் இலக்கணம் பார்ப்பான். நான் இலக்கணம் பார்த்தேன். அதனால்தான் எண்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கையில் கழிப்பறைக் காகித உருளையோடு கனடிய இராணுவத்தின் முன்னால் நின்றேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கார்ல்ஸ்ரூஹேக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு சிறு பட்டணம். அங்கே மூடிப்போன விடுதி ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். அறைக்கு எட்டுப்பேர். (தலைக்கணக்கில் எட்டு. குறட்டைக் கணக்கில் பன்னிரண்டு வரும்.) வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. தாண்டினால் வழக்கு. வழக்கு வந்தால் அகதி விண்ணப்பம் கெடும். விண்ணப்பம் கெட்டால் ரஞ்சி வரமாட்டாள்.

ரஞ்சி என் மனைவி. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மகள் பிறந்ததை நான் கடிதத்தில்தான் படித்தேன், அதுவும் பிறந்து ஒரு மாதம் கழித்து.

நாங்கள் சும்மா இருக்கக்கூடாது என்று நகரசபை எங்களைத் துப்புரவு வேலைக்கு அனுப்பும். எனக்குக் கிடைத்தது ஏரிக்கரையில் ஜேர்மன்காரர் விடுமுறைக்கு வந்து கூடாரம் அடிக்கும் இடம். அங்கே கூட்டவேண்டும், கழிப்பறைகளைக் கழுவவேண்டும். அங்கேதான் அந்த வண்டியைக் கண்டேன். ஒரு வீடும் ஒரு பஸ்ஸும் கலியாணம் கட்டிப் பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. சன்னலுக்குத் திரைச்சீலை, கூரையில் ஏணி, பின்பக்கம் கனடிய இலக்கத் தகடு. உள்ளே வயதான ஒரு புருசனும் பெண்சாதியும். மற்றவர்கள் இரண்டு நாள், மூன்று நாளில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் போகவே இல்லை. அந்த அம்மா வண்டிக்குள்ளேயே சமைத்தார், உடுப்புத் தோய்த்துக் கயிற்றில் போட்டார், நாள் முழுவதும் புருசனோடு சண்டை பிடித்தார்.

ஆறு வாரம் பார்த்துவிட்டு எங்கள் அறையில் போய்ச் சொன்னேன். எங்கள் அறையின் சட்டமேதை பொன்னுத்துரை அண்ணை. ஊரில் நீதிமன்ற வாசலில் இருந்து பத்திரம் எழுதியவர்.

"கேட்டுப் பார்த்தனீயோ?" என்றார்.

"ஓம் அண்ணை. வீடு இல்லையாம். இந்த வண்டிதானாம் வீடு."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். "பாவம். அதுகளும் அகதிச் சனம்தான். வீட்டை எரிச்சுப்போட்டாங்கள் போலை."

"கனடாவிலையுமோ அண்ணை?"

"எந்த நாட்டிலையடா நெருப்பு இல்லை?"

அவ்வளவுதான். எட்டு அகதிகளும் சேர்ந்து, வீடில்லாத கனடாக்காரருக்குச் சோறும் கோழிக்கறியும் சமைத்தோம். (எங்கள் வாழ்க்கையில் நாங்கள் செய்த ஒரே வெளிநாட்டு உதவி.) எங்களிடம் இருந்த ஒரேயொரு பெரிய சட்டியில் சோற்றைப் போட்டு, மேலே கறியை ஊற்றிக் கையில் தந்தார்கள். "கட்டாயம் சட்டியோடை திரும்பி வா" என்றார் அண்ணை. இரவுச் சமையலுக்கும் அதே சட்டிதான்.

அந்த அம்மாவின் பெயர் டொரீன், அவர் பெயர் வால்ட்டர். டொரீன் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். அடுப்பு, குளிர்ப்பெட்டி, மடித்து வைக்கும் மேசை, பின்னால் ஒரு கட்டில், எல்லாம் ஒரு கை நீட்டுத் தூரத்தில் இருந்தன. என்னை அறியாமலே அளக்கத் தொடங்கினேன். கட்டிலில் நானும் ரஞ்சியும். பிள்ளைக்கு ஏணை கட்டுவதென்றால் அந்தக் கூரைக் கொழுக்கியில் கட்டலாம்.

டொரீன் தேத்தண்ணி தந்தார். மூன்றாவது கோப்பையில் எனக்குத் துணிவு வந்தது. என் பள்ளிக்கூட ஆங்கிலத்தை எடுத்துத் தூசி தட்டி, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டேன்.

"உங்கள் வீட்டை யார் எரித்தார்கள்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஒருவரும் எரிக்கவில்லையே. நாங்கள்தான் விற்றோம்" என்றார் வால்ட்டர். அவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். மகள் தெற்கே கனடிய வான்படைத் தளத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாம். வீட்டை விற்று, வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்களாம். இனி இதுதான் வீடாம். நினைத்த இடத்துக்குப் போவார்களாம்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டை விட்டு விரும்பி வெளிக்கிட்ட மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவர்களோ அதைச் சொல்லும்போதே, எந்த நாட்டுக்கு முதலில் போவது என்று சண்டை பிடித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, கனடாவைப் பார்த்து அல்ல, அந்தச் சண்டையைப் பார்த்து. பக்கத்தில் இருந்தால்தானே சண்டை பிடிக்கலாம். கடிதத்தில் சண்டை பிடித்தால் பதில் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோகும்.

மூன்று கோப்பைத் தேத்தண்ணி தன் வேலையைக் காட்டியது. வெளியே பொதுக் கழிப்பறை இருந்தது, ஆனால் அதை நான் காலையில்தான் கழுவியிருந்தேன். (என் கையால் கழுவியதை நானே அழுக்காக்க மனம் வரவில்லை. தொழில் பக்தி.) நான் நெளிவதைப் பார்த்த டொரீன், வண்டிக்குள் இருந்த சின்னக் கதவைக் காட்டினார். "நான் உன் சட்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன்" என்று இறங்கிப் போனார். மகளிடம் புறப்படும் ஆயத்தமாக வால்ட்டர் மின்கம்பியைக் கழற்றிச் சுருட்ட வண்டியின் மறுபக்கம் போயிருந்தார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். போன வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் நான் வெளியே வரவில்லை. அதற்கான காரணத்தை அதிகாரிகளிடம் நான் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். பதினொரு மாதத்துக்குப் பிறகு, நான்கு பக்கமும் மூடிய ஓர் இடத்தில் நான் தனியாக இருந்தேன். சட்டைப்பையில் முதல்நாள் வந்த ரஞ்சியின் கடிதம் இருந்தது. அறையில் ஏழுபேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க, அதை அரைக்கண்ணால் படித்திருந்தேன். இப்போது மூடியைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் அமர்ந்து, நிதானமாகப் படித்தேன்.

"பிள்ளைக்கு இரண்டு பல் முளைச்சிட்டுது. அப்பா எங்கை எண்டு கேட்டு உங்கடை படத்தைக் காட்டுறனான். வாங்கிக் கடிக்கிறாள். மூக்குப் பக்கம் பிய்ஞ்சுபோச்சு. வேறை படம் அனுப்புங்கோ."

நான்கு தரம் படித்தேன். மூக்கைத் தடவிப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், சத்தம் இல்லாமல்.

அந்த நேரத்தில்தான் டொரீன் கழுவிய சட்டியோடு திரும்பி வந்தார். என்னைக் காணவில்லை. "பையன் சட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்" என்பது கேட்டது. "மகள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள், சட்டியைத் திரும்பி வந்து கொடுக்கலாம்" என்றார் வால்ட்டர். இயந்திரம் உறுமியது, பாட்டு அலறியது, வண்டி நகர்ந்தது.

எழுந்து தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. (அதை மேலே தூக்கி, பிறகு இழுக்கவேண்டுமாம். இது எனக்கு ஒரு மணிநேரம் பிந்தித்தான் தெரிய வந்தது.)

சரியான மனிதன் என்றால் கத்தியிருப்பான். எனக்கோ, ஓர் அம்மாவின் கழிப்பறையில் இருந்து கத்துவதே அவமரியாதை, அதைப் பிழையான ஆங்கிலத்தில் கத்துவது அதைவிட அவமரியாதை என்று பட்டது. ஆகவே வசனத்தை அமைக்கத் தொடங்கினேன். "ஐ ஆம் இன் த டொய்லெற்." இது நிகழ்காலம். ஆனால் நான் முன்பே வந்து, இன்னும் இருக்கிறேனே? அப்படியானால் "ஐ ஹாவ் பீன்." அதற்குப் பின்னால் "சின்ஸ்" வருமா, "ஃபோர்" வருமா? இதற்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. விடை மட்டும் வரவில்லை. இடையில் ஒற்றை விரலால் கதவைத் தட்டினேன். "தண்ணீர்க் குழாய் மறுபடியும் ஆடுகிறது" என்று முன்னால் இருந்து வால்ட்டரின் குரல் கேட்டது. "நீ பூட்டினால் எது ஆடாது?" என்றார் டொரீன். அதோடு குழாயைப் பற்றிச் சண்டை மூண்டது. என் தட்டல் அதில் மூழ்கிப்போனது.

மேலே நாலு விரல் அகலத்துக்கு ஒரு சன்னல். எம்பிப் பார்த்தேன். மாவட்ட எல்லைப் பலகை எதிரே வந்து, பின்னால் போனது.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? மூடியின் மேல் அமர்ந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். கால் தரையில் படாவிட்டால் எல்லை தாண்டியதாகாது என்று நினைத்தேன்போல. ஒவ்வொரு வளைவிலும் சுவரில் இடிபட்டேன். ஒரு பெரிய வளைவில் விழப்போய்க் காகித உருளையைப் பிடித்தேன். அது கையோடு கழன்று வந்துவிட்டது.

கடைசியில் வண்டி நின்றது. பாட்டும் நின்றது. வெளியே அதிகாரமான ஒரு குரல் கேட்டது. "வண்டியில் எத்தனை பேர்?"

"இரண்டே பேர்தான்" என்றார் வால்ட்டர்.

அந்தக் கணத்தில்தான் என் வசனம் முற்றுப்பெற்றது. நெஞ்சு நிறைய மூச்செடுத்துக் கத்தினேன்.

"எக்ஸ்கியூஸ் மீ சேர்! ஐ ஹாவ் பீன் இன் யுவர் டொய்லெற் ஃபோர் வன் அவர்!"

(இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. இன்றுவரை அதில் எனக்குப் பெருமைதான்.)

சப்பாத்துச் சத்தம் தடதடவென்று வந்தது. "மேலே தூக்கி இழுங்கள்!" என்று டொரீன் அலறினார். கதவு திறந்தது. துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். ஒன்றில் கடிதம், மற்றதில் உருளை. வால் போலக் காகிதம் நீள, வெறுங்காலோடு இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே வான்படைத் தளத்தின் வாசல் கம்பத்தில் கனடாவின் சிவப்பு இலைக் கொடி பறந்துகொண்டிருந்தது.

பொன்னுத்துரை அண்ணை சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது. "அவன்ரை கொடி பறக்கிற நிலம் அவன்ரை நாடு. அங்கை நிண்டு தஞ்சம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்." ரஞ்சி, பிள்ளை, கட்டில், ஏணை எல்லாம் தலைக்குள் ஒன்றாக ஓடின. உருளையை இன்னும் உயர்த்திக் கொண்டு சொன்னேன்.

"அசைலம்! கனடா! ப்ளீஸ்!"

அந்தச் சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அவன் துப்பாக்கியை மெல்லத் தாழ்த்தினான். சிரிப்பான் என்று நினைத்தேன், அவன் சிரிக்கவில்லை.

"ஐயா," என்றான், "இது ஜேர்மனி."

அதுவரை பிடித்து வைத்திருந்தது எல்லாம் அந்த இரண்டு சொல்லில் உடைந்துபோனது. அந்த இடத்திலேயே, சாலை ஓரத்தில், குந்திவிட்டேன். டொரீன் வந்து பக்கத்தில் அமர்ந்தார். என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். "யார்?" என்று கேட்டார். "மை வைஃப்" என்றேன். அதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை. பிறகு மகளைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன், படத்தைக் கடித்ததைச் சொன்னேன். வால்ட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். அன்றுதான் அவர்கள் இருவரும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் சண்டை பிடிக்காமல் இருந்ததைக் கண்டேன்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஜேர்மன் பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு ரெர்மின், அதாவது விசாரணைக்கு வரச்சொல்லிக் குறித்த நேரம். மூன்று இரவும் நான் தூங்கவில்லை. பொன்னுத்துரை அண்ணைதான் ஆறுதல் சொன்னார். "அசைலம் கேக்கேக்கை கையிலை பேப்பர் இருக்கவேணும் எண்டு நான்தான் சொன்னனான். ஆனால் இந்தப் பேப்பரை இல்லையடா தம்பி."

மொழிபெயர்க்க வந்தவர் கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கும் மதுரைப் பொடியன். என் தமிழ் அவருக்கு அரைவாசிதான் விளங்கியது.

"நான் கக்கூசுக்கை இருக்கேக்கை வண்டியை எடுத்திட்டினம்" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார். யாரு எதை எடுத்தாங்க? டாய்லெட்டையா எடுத்துட்டுப் போனாங்க?"

"ஓம். என்னோடை சேர்த்து."

மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஓர் அதிகாரி அம்மா. ஏன் அவ்வளவு நேரம் உள்ளே இருந்தாய் என்று கேட்டார். கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "வயித்தோட்டம்" என்றேன். (மதுரைக்காரர் அதை இரண்டு தரம் விளக்கினார், கையாலும் காட்டினார்.) வால்ட்டரும் டொரீனும் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். தாழ்ப்பாள் பழுதானது யாருடைய பிழை என்று அங்கேயும் அவர்களுக்குள் சண்டை. கடைசியில் அந்த அம்மா சிரிக்காமல் தட்டச்சில் அடித்தார்: விண்ணப்பதாரர் கழிப்பறைக்குள் விருப்பத்துடன் நுழைந்தார், மாவட்டத்தை விட்டு விருப்பமின்றி வெளியேறினார். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அந்த வருடம் இலையுதிர்காலம் வரை அவர்கள் ஏரிக்கரையில்தான் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் நான் கூட்டி முடித்ததும் டொரீன் கதவைத் திறந்து, மடிப்பு மேசையைக் காட்டுவார். நான் கடிதம் படிப்பேன், பதில் எழுதுவேன். என்னைக் குழப்பக்கூடாது என்று இருவரும் வெளியே மரத்தடியில் நின்று, குசுகுசுவென்று சண்டை பிடிப்பார்கள். பிறகு ஒருநாள் தெற்கே போய்விட்டார்கள். வண்டி நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடந்தது. பனி விழும்வரை அந்த இடத்தை நான் கூட்டவில்லை.

ரஞ்சி எண்பத்தொன்பதில் வந்தாள். மகளுக்கு நாலு வயது முடிந்திருந்தது, பல் எல்லாம் முளைத்திருந்தது. பிறகு நாங்கள் ஹம் நகரத்துக்கு மாறினோம். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை. நான் உள்ளே போய்க் கொஞ்சம் தாமதித்தால் போதும், வெளியே இருந்து பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். "அப்பா, கனடா வந்திட்டுதோ?" இப்போது பேரப்பிள்ளைகளும் ஜேர்மனில் அதையே கேட்கிறார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கதவைத் தட்டுகிறவள் ரஞ்சி.

"என்னப்பா, இண்டைக்கு வருவியளோ மாட்டியளோ? மனிசருக்கு வேலை இல்லையோ?"

உண்மையைச் சொன்னால், சில நாட்களில் எனக்கு உள்ளே ஒரு வேலையும் இருப்பதில்லை. அவள் வந்து தட்டும்வரை சும்மா இருக்கிறேன்.