இரண்டு கையையும் தூக்கினால் கோச்சி வராது

“உந்த வேலைக்குச் சங்கு மாதிரிக் குரல் வேணும். உனக்கு வாறது வெறும் காத்துத்தானே!”

ரயில்வேயில் எனக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு என் மாமா சொன்ன வாழ்த்து இது. எங்கள் மீன்பிடிக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆகவே வாய்க்குப் பஞ்சமில்லை. “குரல் எதுக்கு மாமா? அங்கை எல்லாம் கைச் சைகைதான்” என்றேன். (அந்தக் கைதான் என்னைக் கவிழ்க்கப் போகிறதென்று யாருக்குத் தெரியும்?)

காங்கேசன்துறையோடு தண்டவாளம் முடிந்துவிடும், அப்பால் கடல். அதனால் கோச்சியை (ரயிலுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) இழுத்து வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் பெட்டிகளோடு கோக்க வேண்டும். பயிற்சியின் முடிவில், பரீட்சகர் பார்த்திருக்க, கீழே நின்று சைகை காட்டி அதைச் செய்து முடித்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம். சைகைப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு நித்திரையில்கூடச் சைகை காட்டினேன் என்று தங்கை சத்தியம் செய்கிறாள்.

மறுநாள் பயணிகள் எல்லோரும் பெட்டிகளில் ஏறிவிட்டார்கள். எஞ்சின் மெல்ல மெல்லப் பின்னோக்கி வந்தது. நான் மிடுக்காகப் பச்சைக் கொடியை நீட்டினேன். சோளகக் காற்று ஒரே வீச்சில் கொடியைத் தடியோடு சுருட்டிவிட்டது. உதறினேன்; இன்னும் இறுகிச் சுற்றிக்கொண்டது. கொடியைக் கீழே போட்டேன். புத்தகம் மூளையிலிருந்து பறந்துபோனது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

எஞ்சின் நின்றது.

‘ஏன் நிற்கிறார்?’ என்று எனக்குக் கோபம். இன்னும் உயரமாகத் தூக்கினேன். போதாதென்று துள்ளினேன். சாரதி அண்ணை கூவென்று ஹோனை அடித்துவிட்டுக் குதித்து ஓடிவந்தார். பெட்டி யன்னலில் ஓர் அம்மா, “ஐயோ, பாம்பு போலை!” என்றார். அவ்வளவுதான். பாம்பு முதலாம் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிக்குப் போவதற்குள் மலைப்பாம்பாகிவிட்டது. பாதிக் கோச்சி இறங்கி மேடையில் நின்றது.

பரீட்சகர் மூச்சிரைக்க வந்தார். “என்னத்தைக் கண்டனீர் பிள்ளை?”

“ஒண்டையும் காணேல்லை, சேர். வாங்கோ எண்டு கூப்பிட்டனான்.”

“ரெண்டு கையையும் தூக்கியோ?”

“ஓம் சேர். எங்கடை கரையிலை அப்பிடித்தான் வள்ளத்தைக் கூப்பிடுறது. அடியிலை பார், கல்லு ஒண்டும் இல்லை, நேரை வாங்கோ எண்டு.”

(ஆறு வயதிலிருந்து அப்பாவின் வள்ளத்தை அப்படித்தான் அழைத்தேன். ரயில்வேயில் அதற்குப் பெயர் ‘உடனே நில், ஆபத்து!’)

சாரதி அண்ணை தண்டவாளத்திலேயே குந்திவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நல்ல காலம் தங்கச்சி, நங்கூரம் போடச் சொல்லேல்லை!” என்றார்.

பரீட்சகர் தாளில் எழுதியபடியே சொன்னார்: “நிப்பாட்டுறதுக்கு முழுப் புள்ளி. வரவழைக்கிறதுக்கு முட்டை. அடுத்த கிழமை திரும்பச் செய்யும்.”

பயணிகளை ஏற்றி, எஞ்சினையும் கோத்து அனுப்பி முடிக்க, கோச்சி பதினைந்து நிமிடம் பிந்திவிட்டது. அடுத்த கிழமை எஞ்சினை அலுங்காமல் கோத்துத் தேறினேன். ஆனாலும் வீட்டில் இன்றைக்கும் அந்த முட்டைக்குத்தான் மவுசு. கரையில் நான் கையைத் தூக்கினால் அப்பா கடலிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, “கோச்சி நிக்குது பிள்ளை! என்ன பாம்பு?” என்று கத்துகிறார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தங்கை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள்.

எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. பெயரும் சரியாகத் தெரியாத ஒரு புதுப் பெண் கையைத் தூக்கினாள். அவ்வளவு பெரிய இரும்பை அந்த மனுசன் ‘ஏன்?’ என்று கேட்காமல் நிறுத்தினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்த எனக்கு அந்தச் சாரதி இருக்கை மேல் ஆசை வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை எஞ்சின் உதவிச் சாரதிப் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் வீட்டில் சொன்னேன்.