பாத்துட்டு சார் எழுதிய 'மணமகள் தேவை'

பொய்யே எழுதாமல் விளம்பரத் தொழிலில் பிழைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் பெரம்பலூரில் இருந்துவிட்டதால் உலகத்துக்குத் தெரியாமல் போய்விட்டது.

இரண்டாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வேலை பார்த்த அச்சகத்தில்தான் அவரும் இருந்தார். நான் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவன். அவர் நோட்டீசுக்கும் ஆட்டோ மைக்குக்கும் லோக்கல் கேபிள் டிவிக்கும் விளம்பர வாசகம் எழுதுபவர். எந்தக் கடைக்காரர் வந்து என்ன எழுதச் சொன்னாலும், "பாத்துட்டு எழுதுறேங்க" என்பார். அதனால் ஊருக்கே அவர் பாத்துட்டு சார். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே ஞாபகமில்லை.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. மெத்தைக் கடைக்கு எழுத, கடைக்குள்ளேயே மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினார். பல் டாக்டர் ஒருவர், "வலியில்லாமல் பல் எடுக்கப்படும்னு போடுங்க" என்றார். பாத்துட்டு சார் இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கக்கூடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வீங்கிய கன்னத்தோடு எழுதினார்: "கொஞ்சம் வலிக்கும். டாக்டர் அன்பானவர்."

இறந்தவர்களைக் கிடத்தும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுபவர் வந்தபோது, வேண்டாம் சார் என்று நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். கேட்டால்தானே? பெட்டியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி கேட்டு வந்த ஒருவர், "யாருங்க தவறிட்டாரு?" என்று உருக்கமாக விசாரித்தார். உள்ளேயிருந்து, "யாரும் இல்லீங்க. முதுகு நல்லா சில்லுன்னு இருக்கு" என்று பதில் வந்தது. வந்தவர் ஓடிய வேகத்தில் செருப்பு மட்டும்தான் மிஞ்சியது.

லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் துபாயிலிருந்து திரும்பி ஜவுளிக்கடை போட்டார். பாத்துட்டு சார் ஒரு புடவையை நாலு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு எழுதினார்: "முதல் துவைப்பில் சாயம் போகும். அதற்குப் பிறகு போகாது." ஆட்டோ மைக்கில் இதைக் கேட்ட பாய் அச்சகத்துக்கே ஓடி வந்தார்.

"யா அல்லாஹ்! என்ன சார் இது, நம்ம சரக்க நாமளே கொறை சொல்லிக்கிட்டு?"

"ரெண்டாவது வரியையும் கேட்டீங்களா பாய்?"

அந்த ரம்ஜானுக்குக் கடையில் நிற்க இடமில்லை. பாய் அடுத்த விளம்பரத்துக்கும் அவரையே தேடி வந்தார்.

இப்படிப்பட்டவரிடம் என் கல்யாணத்தை ஒப்படைத்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். எனக்கு வயது முப்பத்து நாலு. கவர்மெண்ட் உத்தியோகம், மாடி வீடு என்று தரகர்கள் அளந்துவிட்டுப் பேசி முடித்த மூன்று இடங்களும் உண்மை தெரிந்ததும் முறிந்துபோயின. மூன்றாவது இடம் பத்திரிகை அடித்த பிறகு முறிந்தது. அந்தப் பத்திரிகையை டைப் அடித்தவனும் நான்தான். அம்மா வெளியே தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டாள். இன்னொரு பெண் வீட்டார் திரும்பிப் போனால் கல்யாணப் பேச்சையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் அச்சகத்தில் அடிக்கும் வாரத்தாளில் 'மணமகள் தேவை' போட எழுதித் தரும்படி அவரைக் கேட்டேன். "பாத்துட்டு எழுதுறேன்" என்றவர், வெள்ளிக்கிழமை சாயந்திரம் பையோடு எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு வந்துவிட்டார். மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார். நான் சாப்பிடுவதைப் பார்த்தார், அம்மாவிடம் கோபித்துக்கொள்வதைப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தூங்குவதைக்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். திங்கட்கிழமை என் மேஜையில் தாள் இருந்தது.

"அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஓட்டு வீடு, அடுப்படிப் பக்கம் ஒழுகும். குறட்டை உண்டு. கோபம் வந்தால் பேச மாட்டார்; அரை மணி நேரம் மட்டும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். பெண்ணை நம்பிக் கொடுக்கலாம்."

"வூடு ஒழுவுறத ஏன் சார் ஊருக்குச் சொல்லணும்?"

"ஒழுவுதுல்ல?"

டைப் அடிக்கும்போது ஒழுகுவதையும் குறட்டையையும் நைசாக விட்டுவிட்டேன். ஆனால் ப்ரூஃப் பார்ப்பவரும் அவர்தானே! இரண்டும் பத்திரமாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டன.

வந்தது ஒரே ஒரு கடிதம், அரியலூரிலிருந்து. அடுத்த வாரம் பெண்ணின் அப்பா நேரில் வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். முந்தின நாள் மழை. ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, கீழே குண்டான் வைத்திருந்தோம். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒழுவத்தான் செய்யுது" என்றார் அவர், பரம திருப்தியாக. "இதையே மறைக்காம எழுதுன ஆளு, கடைசி வரியில மட்டும் பொய் சொல்லியிருக்க மாட்டாருங்க. எங்களுக்குச் சம்மதம்."

அம்மா அழுதுவிட்டாள். நானும்தான்.

கல்யாணத்தன்று மேடைக்கு வந்த பாத்துட்டு சாரைப் பிடித்துக்கொண்டேன். "குறட்டைய பாத்தீங்க, கோவத்தப் பாத்தீங்க, சரி. நம்பிக் கொடுக்கலாம்ங்கிறத மூணு நாள்ல எப்படி சார் பாத்தீங்க?"

அவர் சுற்றுமுற்றும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அத மட்டும் பாக்காமத்தான்யா எழுதுனேன். வெளிய சொல்லிராத."

எனக்குத் தெரிந்து அவர் தொழில் தர்மத்தை மீறியது அந்த ஒரு தடவைதான். அந்த நல்ல மனிதர் எனக்காக எழுதிய வரி பொய்யாகிவிடக் கூடாதே என்று, இன்றைக்கும் பயந்து பயந்துதான் குடும்பம் நடத்துகிறேன்.